எஸ்தருக்கு ஒரு தாளக்கட்டு

கட்டுப் பிரித்த அன்று என் வலது கையைப் பார்த்ததும் எனக்கே சீ என்றாகிவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த கை. மெலிந்து, வெளுத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாடையோடு மேஜைமேல் கிடந்தது. இதையா இத்தனை நாள் கழுத்தில் தொட்டில் கட்டிச் சுமந்தோம் என்று இருந்தது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லா சேர்ந்திருக்கும்மா. எங்க, கையைத் திருப்புங்க பார்ப்போம்" என்றார்.

உள்ளங்கை மேலே வரும்படித் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். நான் தோளைத் திருப்பினேன். இடுப்பைத் திருப்பினேன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் மொத்தமாக நானே திரும்பிச் சுவரைப் பார்த்தேன். கை மட்டும் கவிழ்ந்தபடியே இருந்தது.

"டாக்டர், டோலக் எப்ப வாசிக்கலாம்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"முதல்ல சோறு பிசைஞ்சு சாப்பிடுங்கம்மா. டோலக்கு அப்புறம்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வேலாயுதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பார். ஆறு வாரம் அவர் வைத்த ரசத்தைக் குடித்தவள் நான். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அடுத்த மாசக் கடைசியில் என் தோழி எஸ்தர் ரிடையர் ஆகிறாள். அவள் வாசலில் நான் டோலக் வாசித்தாக வேண்டும். வாசிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வண்டியிலிருந்து விழுந்த கதை

கை எப்படி உடைந்தது என்று கேட்டவர்களிடம் முதல் இரண்டு வாரம் "வண்டியிலேருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். பொய்யில்லை, வண்டியிலிருந்துதான் விழுந்தேன். வண்டி ஓடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு பலாமரம் உண்டு. நாங்கள் வைத்ததல்ல. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் வைத்தது. அந்த சீசனில் கடைசியாக ஒரே ஒரு பழம் எட்டாத உயரத்தில் பழுத்துத் தொங்கியது. காலையிலிருந்து வாசனை சமையலறைக்குள் வந்து என்னை வா வா என்கிறது. எனக்கு அன்று லீவு. வேலாயுதத்துக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அவர் வந்து பறிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பலாப்பழ வாசனையை வைத்துக்கொண்டு பிற்பகல்வரை காத்திருக்கும் பொறுமை என் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. ஸ்கூட்டியை மரத்தடியில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். சீட்மேல் ஏறி நின்று கொடுவாளை நீட்டி ஒரே வெட்டு. பழம் விழுந்தது. பின்னாலேயே நானும் விழுந்தேன்.

இதில் சந்தி சிரித்த விஷயம் வேறு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆபீசில் பாதுகாப்பு வாசகப் போட்டி நடந்தது. "உயரத்தில் ஏறுமுன் ஒரு நிமிடம் யோசி" என்று எழுதி நான் முதல் பரிசு வாங்கியிருந்தேன். ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். கை உடைந்த மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வாசகமும், அதன் கீழே மாவுக்கட்டோடு நான் முழிக்கிற போட்டோவும் ஒன்றாக வந்தன. போட்டவள் வேறு யாருமில்லை, எஸ்தர்தான்.

வேலாயுதத்துக்குக் கம்மாபுரம் பக்கம். நிலக்கரி மைன்ஸில் இத்தனை வருஷம் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டியும் உடம்பில் ஒரு கீறல் இல்லாத மனிதர். "வண்டி மேல ஏறிக்கினு பலா அறுத்த ஆள நான் எங்கயும் பாத்ததில்ல. இன்னா தைரியம்டா சாமி!" என்று இன்றைக்கும் விருந்தாளி வந்தால் ஆரம்பித்துவிடுவார்.

எஸ்தர்

எஸ்தரும் நானும் டைம் ஆபீசில் எதிரெதிர் மேஜை. மைன்ஸில் யார் எந்த ஷிப்ட், யார் லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று பார்க்கிற இடம் அது. அவளுக்கு மார்த்தாண்டம் பக்கம், எனக்கு ஆத்தூர். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். சேர்ந்த முதல் வாரமே ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று சண்டை போட்டோம். அந்தச் சண்டை அவள் ரிடையர் ஆகும்வரை முடியவே இல்லை. நடுவில் இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்தது, அவள் வீட்டுக்காரர் தவறிப்போனார், என் மகள் படித்து வேலைக்குப் போனாள். எல்லாவற்றுக்கும் எதிர் மேஜையில் அவள் இருந்தாள்.

எங்கள் டவுன்ஷிப்பில் மாசக் கடைசி என்றால் வழியனுப்பும் நாள். ரிடையர் ஆகிறவருக்கு மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, முன்னும் பின்னும் டூவீலர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு, பிளாக் பிளாக்காகச் சுற்றி அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு ஒரு சால்வை, ஒரு காபி, போய் வாருங்கள் மேடம். என் சீனியர் ஒருவருக்கு அப்படி நடந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்குப் போனேன். டோலக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்து தெருவே எட்டிப் பார்க்கும்படி அடித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் பெண்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. ரிடையர் ஆகிறவள் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுப் படியேறுமுன் நான் வாசிப்பேன். அவளுக்கென்றே கட்டிய ஒரு தாளம். ஒருத்திக்கு வாசித்ததை இன்னொருத்திக்கு வாசிக்க மாட்டேன்.

டோலக் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டு இந்தத் தொடருக்கு ஒரு வாசகி எழுதியிருந்தார். பெரிய கதையெல்லாம் இல்லை அம்மா. கல்யாணமான புதிதில் பக்கத்து குவார்ட்டர்ஸில் போபால்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. மத்தியானத்தில் இரண்டு பேருக்கும் பொழுது போகாது. அவள் அடிப்பாள், நான் திருப்பி அடிப்பேன். மாற்றலாகிப் போகும்போது டோலக்கை எனக்கே விட்டுவிட்டுப் போனாள்.

எஸ்தர் தன் ரிடையர்மென்டைப் பற்றி ஒரு வருஷம் முன்பே என்னிடம் சொல்லிவைத்துவிட்டாள். "எட்டி வசந்தா, எனக்கு நீதான் அடிக்கணும். வேற யாரையாவது கொண்டுவந்து உக்கார வச்சே, வண்டிய விட்டே எறங்கமாட்டேன் கேட்டியா." ரிடையர் ஆகிற அன்று ராத்திரியே விருத்தாசலத்தில் ரயிலேறுவதாக இருந்தாள். ஊரில் வீடு கட்டி முடித்துவிட்டாள். ஆக, அந்த ஒரு சாயங்காலம்தான் எனக்கு.

டார்கெட்

கட்டுப் பிரித்து வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் இரண்டு டார்கெட் எழுதினேன். இடது கையால் எழுதியதால் கோழி கிளறியது போல இருந்தது. ஒன்று, உடம்புக்கு: கை முழுசாகத் திரும்ப வேண்டும், காலையில் பிளாக்கைச் சுற்றி நடந்து ஆறு வார ரசத்தில் ஏறிய எடையை இறக்க வேண்டும். இன்னொன்று, மனசுக்கு: எஸ்தருக்குத் தாளம் கட்ட வேண்டும்.

இரண்டாவது சீக்கிரமே நடந்தது. எஸ்தர் சீல் குத்துகிற சத்தம் எங்கள் ஆபீசில் பிரசித்தம். மைப்பெட்டியில் இரண்டு தட்டு, பேப்பரில் ஒரு குத்து, கடைசியில் நாற்காலியை இழுக்கிற சத்தம். டுக்கு டுக்கு டம், டுக்கு டுக்கு டம், கிர்ர்ர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், விரல் ரேகை. இருந்தாலும் அவள் மேஜையில் அப்போதும் ஏதாவது ஒரு பேப்பர் குத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். இடது கையால் மாவு டின்னைத் தட்டுவேன், வலது பக்கத்து அடியை வாயால் சொல்லுவேன். நடக்கும்போதும் அதுதான். எதிரே வருகிற நைட் ஷிப்ட் ஆட்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள்.

முதல் டார்கெட்டில்தான் வினை வந்தது.

கைப்பயிற்சி சொல்லித்தர வந்தவள் நிவேதா. பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயசு. ஒரு ஸ்பான்ஜ் பந்தைக் கொடுத்தாள். "காலையில பத்து தடவை அமுக்குங்க ஆன்ட்டி, சாயங்காலம் பத்து. கையைத் திருப்புறதும் அதே கணக்கு. வலிச்சா நிறுத்திடணும்" என்றாள்.

இதை வேறு ஊர்க்காரியிடம் சொல்லியிருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பாள். நாங்கள் மைன்ஸ்காரர்கள். எங்கள் ஊரில் டார்கெட் என்றால் அதை எட்டுவது கணக்கிலேயே வராது. எட்டினால் "ம், சரி" என்பார்கள். தாண்டினால்தான் போர்டில் பச்சை மையில் எழுதுவார்கள், மேனேஜர் கை குலுக்குவார், செக்‌ஷன் முழுக்க லட்டு வரும். வேலாயுதம் அந்த லட்டுகளைத் தின்றே பெருத்தவர். நானோ அந்தக் கணக்குகளை டைப் அடித்தே கிழவியானவள். எங்கள் இரண்டு பேரிடமும் போய் ஒரு பெண் "பத்து" என்று சொன்னால் என்ன ஆகும்?

இருபதில் ஆரம்பித்தேன். முப்பதானது. வேலாயுதம் பக்கத்தில் நின்று எண்ணினார். "விடாத, விடாத, இன்னும் அஞ்சு!" வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். டி.வி. பார்க்கும்போது பந்து, பஸ்ஸில் பந்து, சர்ச்சுக்கு எஸ்தரோடு துணைக்குப் போனபோது பிரசங்கத்தின் நடுவில் பந்து. ஒரு நாள் உள்ளங்கை முக்கால்வாசி திரும்பியது. வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். எங்கே போகிறார் என்று பார்த்தால் லட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்! "டார்கெட் தாண்டிட்டா எம்பொண்டாட்டி" என்று அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் கொடுத்தார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு லட்டு தின்றேன்.

அன்று சாயங்காலம் டோலக்கை உறையிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, எஸ்தரின் தாளத்தை முழுசாக ஒரு தரம் வாசித்தும் பார்த்துவிட்டேன்.

வீக்கம்

மறுநாள் எழுந்தபோது மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் கொதித்தது. விரலை மடக்கவே முடியவில்லை.

நிவேதா வந்து பார்த்தாள். எவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டாள். நான் வேலாயுதத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் உண்மையைச் சொன்னோம், லட்டு உட்பட.

"ஆன்ட்டி, இது மைன்ஸ் இல்ல" என்றாள். "அதிகமா வெட்டினா அதிகமா வர்றதுக்கு உள்ள நிலக்கரியா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த பிள்ளையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். "இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாயிடுமா?" என்றேன்.

"சாதாரண வேலைக்குச் சரியாயிடும். டோலக்கை மட்டும் இன்னும் ரெண்டு மாசம் தொடாதீங்க. தொட்டா அப்புறம் எப்பவுமே வாசிக்க முடியாம போயிடலாம்."

அவள் போனபிறகு அழுதேன். நன்றாக, சத்தம் போட்டே அழுதேன். கை போனால் போகட்டும், ஒரு நாள்தானே, வாசித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வேலாயுதம் டோலக்கைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு ஸ்டூலையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "ஏறிக்கினு எடுத்துடுவ நீ. உன்ன எனக்குத் தெரியாதா?" என்றார். லட்டு வாங்கிக் கொடுத்த மகராசன் வேறு யார், நீங்கள்தானே என்று கத்தினேன். "ஆமாம், நானுந்தான்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் சண்டை போட வழியில்லை.

எஸ்தரிடம் ஆபீசில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டே திரிந்தேன். அவளுக்கா தெரியாது? ஒரு சனிக்கிழமை மீன்குழம்புத் தூக்குவாளியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"கையைக் காட்டு."

காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ வாசிக்க முடியாது" என்றாள்.

"முடியாதுடி. நம்ம ஆபீஸ் கமலாவை வாசிக்கச் சொல்லட்டுமா? அவளும் பஜனையில நல்லாத்தான் வாசிக்கிறா."

"ஒண்ணும் வேண்டாம்."

"கோவமா?"

"இல்லட்டி." தூக்குவாளியை என் பக்கம் தள்ளினாள். "குழம்ப இன்னைக்கே தீத்துடு. நாளைக்கு வச்சா நல்லாருக்காது."

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். அவள் எழுந்து போனாள். வண்டியை ஸ்டார்ட் செய்கிற வரைக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொண்டேனே என்று எனக்கு மீன் இறங்கவில்லை.

வாசல்

அந்த நாளும் வந்தது. ஹாரன் சத்தம் பிளாக் முழுக்கக் கேட்டது. திறந்த ஜீப்பில் சம்பங்கி மாலைக்குள் எஸ்தர், மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிய. சாமானெல்லாம் முந்தின நாளே லாரியில் ஊருக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் மிச்சமிருந்தது இரண்டு பெட்டியும், எல்லாருக்கும் அவள் சொல்லிவைத்திருந்த பிரியாணி அண்டாவும்தான். ரயிலுக்குப் போக டாக்சி தெருமுனையில் வந்து நின்றுவிட்டது.

ஜீப் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் உட்காருகிற படியில் உட்கார்ந்திருந்தேன். மடி காலியாக இருந்தது.

முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கை இல்லாவிட்டால் போகிறது, வாய் இருக்கிறதே! அதற்கு எந்த டாக்டரும் கட்டுப் போட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"டுக்கு டுக்கு டம், டுக்கு டுக்கு டம், தக்கிட டுக்கு டம்..."

முதலில் யாருக்கும் புரியவில்லை. கமலாதான் முதலில் பிடித்தாள். "ஐயோ, சீலு! எஸ்தர் மேடம் சீலு!" தெருவே சிரித்தது. கை தட்டினார்கள். ஜீப் டிரைவர் கதவில் தட்டினார். வேலாயுதம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார், ஒரு அடிகூடத் தாளத்தில் விழவில்லை. நான் வேகத்தைக் கூட்டினேன். இரண்டாம் காலம் போனேன். ஆத்தூர்க்காரி வாய்க்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது.

எஸ்தர் ஜீப்பிலிருந்து இறங்கினாள். சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு தாளம் சொன்னேன். பார்க்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மாலைக்கு மேலே அந்த முகம். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. எதிர் மேஜையில் நான் தினமும் பார்த்த முகம். நாளைக்குக் காலையில் அந்த நாற்காலியில் யார் இருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. டுக்கு டுக்கு என்றேன். டம் வரவில்லை. மறுபடி டுக்கு என்றேன். கை தட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வேலாயுதம் மட்டும் கடைசியாக ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

எஸ்தர் மாலையோடு வந்து என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

"நீதான் டோலக் அடிக்கணும்னு ஏன் அவ்வளவு சொன்னேன் தெரியுமா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தெரியாது என்று தலையாட்டினேன்.

"அடிக்கும்போது நீ குனிஞ்சு ஒன் கையத்தான் பாப்ப. எத்தன பேருக்கு அடிச்சே, ஒருத்தி மொகத்தையாவது நிமிந்து பாத்திருக்கியா? அவளுவ அழுததுகூட ஒனக்குத் தெரியாது. நீ அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே உள்ள போயி, பொட்டிய எடுத்துக்கிட்டு, பின்வாசல் வழியா டாக்சில ஏறிப் போயிரலாம்னு இருந்தேன். இப்ப பாரு. இப்பிடிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா நான் எப்படிட்டி போவேன்?"

அன்றைக்கு என் வீட்டில் அவள் கோபத்தில் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்சிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். நான் அவளுக்கு "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் காலம்வரைக்கும் போன வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

"சாப்டுட்டுப் போடி" என்றேன்.

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவள் போட்ட பிரியாணியை, அவளையே சாப்பிடச் சொன்னேன். அவளும் சரி என்று என்னோடு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.